யாப்புப் பிரதி எங்கே?



நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் முழுவதையும் வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசியில் இருக்கிற ஆறு கேள்விகளையாவது வாசித்துவிட்டுப் போங்கள். எந்தச் சங்கத்தின் பெயரையும் எந்த ஆளின் பெயரையும் எழுதவில்லை. "இது எங்களைத்தான் சொல்லுது" என்று யாருக்காவது பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பூவரசங்குளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனை சங்கங்கள் இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம். இவற்றோடு கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாக சபை. ஒரு குடும்பம் இவற்றில் நாலைந்திலாவது இருக்கும். சந்தா கட்டுகிறோம், சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போகிறோம், கூட்டத்துக்குப் போய் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறோம்.

இவற்றில் ஏதாவது ஒன்றின் யாப்பைக் கையில் எடுத்து முழுவதும் வாசித்தவர் எத்தனை பேர்?

பதில் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாப்பு செயலாளர் வீட்டு அலுமாரியில், ஒரு பைலுக்குள், பதிவுச் சான்றிதழுக்குப் பின்னால் கிடக்கிறது. சில சங்கங்களில் அதுவும் இல்லை. "முந்தின செயலாளரிட்ட இருந்தது, அவர் இப்ப கனடாவில" என்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். யாப்பு நிர்வாக சபையின் சொத்தல்ல, அங்கத்தவரின் சொத்து. அதை அங்கத்தவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதை மறதி என்றோ சோம்பல் என்றோ சொல்லிக் கடந்து போகக் கூடாது. ஒருவருக்குத் தன் உரிமை என்னவென்றே தெரியாமல் வைத்திருப்பது அந்த உரிமையைப் பறித்ததற்குச் சமம்.

யாப்பு என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு நான் காணி உறுதியைத்தான் உதாரணம் சொல்வேன். வன்னிச் சனத்துக்கு உறுதியின் பெறுமதியை யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 2008, 2009 இல் வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தபோதும் சனம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது? பிள்ளையை, அடையாள அட்டையை, பிறப்புச் சான்றிதழை, பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதியை. வீடு போனாலும் உறுதி இருந்தால் ஒருநாள் திரும்பி வந்து "இது என்ர வளவு" என்று சொல்லலாம் என்ற நம்பிக்கை.

சங்கத்தின் கட்டடம், கதிரை, கூடாரம், வங்கியில் கிடக்கும் காசு, குளத்து வேலைக்கு வந்த ஒப்பந்தம், மாவு அரைக்கும் இயந்திரம், தையல் மெசின் எல்லாம் நமது பொதுச் சொத்து. அந்தப் பொதுச் சொத்தின் உறுதிதான் யாப்பு. சொந்தக் காணியின் உறுதியை அடுத்த வீட்டுக்காரர் அலுமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளும் ஆள் இந்த ஊரில் ஒருவராவது உண்டா? பொதுக் காணிக்கு மட்டும் ஏன் இந்தப் பெருந்தன்மை?

யாப்புக்குச் சட்டத்துக்குச் சட்டம் பெயர் மாறும். கூட்டுறவுச் சங்கத்தில் அது துணைவிதி. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த நிறுவனத்தில் அமைப்பு விதிகள். நம்பிக்கைப் பொறுப்பில் நம்பிக்கை உறுதி. சமூக சேவை அமைப்புகள் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிகின்றன. கமக்காரர் அமைப்புக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். பள்ளிவாசலுக்கு 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்ப் சட்டம். பெயரும் சட்டமும் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் விடயம் ஒன்று: யார் அங்கத்தவர், யார் முடிவெடுப்பது, காசை யார் தொடலாம், தலைவரை எப்படி மாற்றலாம், சங்கம் செத்தால் சொத்து யாருக்கு.

இந்த யாப்புகள் நமக்கு எப்படி வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2009 க்குப் பிறகு, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து சனம் கட்டம் கட்டமாக வெளியேறி, 2012 செப்டம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரைக்கும், அதன் பின்னரும், வன்னிக்கு வந்த ஒவ்வொரு நிறுவனமும் உதவி கொடுப்பதற்கு முன் ஒரு சங்கம் கேட்டது. சங்கத்துக்குப் பதிவு வேண்டும். பதிவுக்கு யாப்பு வேண்டும். எனவே ஏற்கனவே பதிந்த ஒரு சங்கத்தின் யாப்பை வாங்கி, பெயரை மாற்றி, போட்டோகொப்பி அடித்துக் கொடுத்தார்கள். நான் வாசித்த ஒரு யாப்பில் நாலாம் பக்கத்தில் வேறொரு ஊரின் பெயர் அப்படியே கிடக்கிறது. இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை.

அவசரத்தில் நடந்தது, சரி. தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்திடம் யாப்பை ஆறுதலாக இருந்து எழுதச் சொல்ல முடியாது. அரசும் இதைச் சனத்தின் ஆவணமாக நடத்தவில்லை. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. யாப்பு என்றால் புலனாய்வுக்காரருக்குக் காட்டுகிற கடதாசி என்ற நினைப்பு சனத்தின் மனதில் விழுந்தது அப்படித்தான். ஆனால் தறப்பாள் காலம் முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. கல்வீடு கட்டியாயிற்று. யாப்பு மட்டும் இன்னும் தறப்பாளுக்குக் கீழேயே இருக்கிறது.

யாப்பைக் கேட்டால் வழமையாக மூன்று பதில் வரும். மூன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: "சேர், எங்கட ஊரில எல்லாம் நம்பிக்கையில நடக்குது. யாப்பைத் தூக்கினா பிரச்சினைதான் வரும்."

நம்பிக்கை நல்லது. ஆனால் நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் எழுதி வைக்க வேண்டும். என்னுடைய மார்க்கத்திலிருந்து சொல்கிறேன். குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று சொல்கிற, பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் அது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்து செய்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, முஸ்லிம்களும் யூதர்களும் மற்றக் கோத்திரத்தாரும் சேர்ந்து வாழ்வதற்கான விதிகளை எழுத்தில் வைத்தது. மதீனா சாசனம் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம், பரீட்சைக்கும் எழுதுகிறோம். பள்ளிவாசல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "விதி என்ன சொல்லுது" என்று கேட்டால் மட்டும் "இவர் ஃபித்னா பண்ணுகிறார்" என்கிறோம். கோயில் பக்கத்திலும் இதே கதைதான். அங்கே "குழப்பக்காரர்" என்பார்கள். சொல்தான் வேறு.

இரண்டாவது: "சனத்துக்கு விளங்காது சேர்."

இருபது வருடமாகப் படிப்பிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இது அவமதிப்பு. லீசிங் கம்பனி கொடுக்கும் கடதாசியில் எத்தனை நாள் பிந்தினால் வாகனத்தைத் தூக்குவார்கள் என்று விளங்குகிற சனத்துக்கு, மைக்ரோ கடனுக்குக் கிழமை வட்டி மனக்கணக்கில் பார்க்கிற பெண்களுக்கு, உர மானியப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எத்தனை ஏக்கர் போட வேண்டும் என்று தெரிந்த கமக்காரனுக்கு, ஏழெட்டுப் பக்க யாப்பு விளங்காதா? சனத்துக்கு விளங்கிவிடும் என்பதுதான் உண்மையான பயம்.

மூன்றாவது பதில்தான் மிகவும் கேவலமானது: "இவ்வளவு காலமும் எங்க இருந்தவர்? இப்ப வந்து யாப்புக் கேக்கிறார்."

இந்தக் கேள்வி யாரைக் குத்துகிறது என்று யோசித்தீர்களா? புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த முஸ்லிம் குடும்பத்தைக் குத்துகிறது. மடுவிலும் மெனிக்பாமிலும் மாறி மாறி இருந்துவிட்டு வந்த தமிழ்க் குடும்பத்தைக் குத்துகிறது. அவர்கள் விரும்பியா போனார்கள்? பல யாப்புகளில் "தொடர்ந்து இத்தனை மாதம் சந்தா செலுத்தாதவர் அங்கத்துவத்தை இழப்பார்" என்று ஒரு வரி இருக்கும். சாதாரண காலத்துக்கு எழுதிய வரி அது. ஊரையே விட்டு விரட்டப்பட்டவனுக்கு அந்த வரியைப் பிடித்து "நீ அங்கத்தவன் இல்லை" என்று சொன்னால், அது வெளியேற்றத்தை இரண்டாம் முறை செய்வதுதான். இந்த முறை துவக்கில்லை, சந்தாப் புத்தகம் இருக்கிறது. இதை நானாமாரும் செய்கிறார்கள், அண்ணன்மாரும் செய்கிறார்கள். முதலில் திரும்பி வந்த முஸ்லிம், பிந்தி வந்த முஸ்லிமுக்கும் செய்கிறான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அங்கத்துவ விதி. அதே விதியில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. "குடும்பத்துக்கு ஒருவர்" அல்லது "குடும்பத் தலைவர்" அங்கத்தவர் என்று எழுதியிருக்கும். போரில் கணவனை இழந்த, காணாமல் போகக் கொடுத்த பெண்கள் எத்தனை பேர் இந்த மண்ணில் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிறார்கள்? கணவரின் பெயரில் இருந்த அங்கத்துவம் அவளுக்குத் தானாக வருமா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா? காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி மரணச் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமா? யாப்பில் ஒரு வரி மாற்றினால் தீருகிற காரியம் இது. அந்த வரியை வாசித்தவர் இல்லாததால் ஒரு பெண் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிசையில் வாக்குரிமை இல்லாமல் இருக்கிறாள்.

இரண்டாவது, அறிவித்தலும் கோரமும். பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று யாப்பில் இருக்கும். நமக்கு வருவதோ முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப் குழுவில், "நாளை காலை கூட்டம், அனைவரும் தவறாது" என்ற செய்தி. குழுவில் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. அரை மணித்தியாலத்தில் கோரம் சேராவிட்டால் ஒத்திவைக்க வேண்டும், ஒத்திவைத்த கூட்டத்தில் வந்தவர்களே கோரம் என்று இன்னொரு விதி சில யாப்புகளில் இருக்கும். முதல் கூட்டத்துக்குச் சனம் வராமல் பார்த்துக்கொண்டால், இரண்டாவது கூட்டத்தில் பத்துப் பேர் ஊர் முழுவதற்கும் முடிவெடுக்கலாம். தெரிந்தவர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, திருத்தம் செய்யும் விதி. கொஞ்சம் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு சங்கத்தில் 150 அங்கத்தவர். கூட்டத்துக்கு வந்தவர் 45. யாப்பைத் திருத்த "மொத்த அங்கத்தவரில் மூன்றில் இரண்டு" வேண்டும் என்றால் 100 பேர் கை உயர்த்த வேண்டும். "சமுகமளித்தோரில் மூன்றில் இரண்டு" என்றால் 30 பேர் போதும். ஒரு சொல்லின் வித்தியாசம். அந்த ஒரு சொல்லால் 30 பேர் 120 பேரின் உரிமையை மாற்றி எழுதலாம். திருத்தத்தின் வாசகத்தை முன்கூட்டி எழுத்தில் கொடுக்காமல், கூட்டத்தின் கடைசியில், தேநீர் வரும் நேரத்தில், "சில சின்னத் திருத்தங்கள், எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு, கை தட்டச் சொல்லி, "ஏகமனதாக நிறைவேறியது" என்று கூட்டறிக்கையில் எழுதுகிறார்கள். தயவுசெய்து இனிமேல் அப்படிக் கை தட்டாதீர்கள். வாசகத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

நாலாவது, காசும் கையெழுத்தும். காசோலையில் யார் யார் ஒப்பமிட வேண்டும் என்று யாப்புச் சொல்லும். தலைவரும் பொருளாளரும் மச்சான்மார் என்றால் இரண்டு கையெழுத்தும் ஒரே வீட்டில் கிடைக்கும். நெருங்கிய உறவினர் இருவர் ஒப்பமிடக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கணக்காய்வாளரைப் பொதுச்சபை தெரிவு செய்ய வேண்டுமா, நிர்வாக சபையா என்றும் பாருங்கள். தன் கணக்கைப் பார்க்கிறவரைத் தானே தெரிவு செய்கிற பொருளாளர், தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற மாணவன்.

ஐந்தாவது, பதவிக்காலம். இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்று யாப்பில் இருந்தாலும் தலைவர் செயலாளராவார், செயலாளர் தலைவராவார். அதுவும் முடிந்தால் "போஷகர்" என்று ஒரு நாற்காலி. யாப்பில் போஷகருக்கு என்ன அதிகாரம் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஆலோசனை சொல்வது மட்டும்தான். ஆனால் ஊரில் அவர் தலையசைக்காமல் ஒரு கதிரையும் நகராது.

ஆறாவது, கலைப்பு விதி. பொதுநல அமைப்பு கலைந்தால் மிஞ்சிய சொத்தை அங்கத்தவர்கள் பங்கு போடக் கூடாது, அதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவாக எழுதப்படும் விதி. உதவி நிறுவனங்கள் போன பிறகு செயலிழந்த சங்கங்களின் இயந்திரங்களும் கதிரைகளும் கூடாரங்களும் இப்போது எந்த வீட்டுப் பின்வளவில் இருக்கின்றன? கேட்கலாம். கேட்பதற்குத்தான் அந்த விதி.

"இதெல்லாம் சின்னச் சங்கங்களுக்குப் பெரிய கதை" என்பவர்களுக்கு, பெரிய இடத்தில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். யாருக்கும் பக்கம் பிடிக்க இதை எழுதவில்லை.

1949 இல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி 2024 ஜனவரி 21 ஆம் திகதி திருகோணமலையில் தன் பொதுச்சபையைக் கூட்டித் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். எல்லாரும் பெருமைப்பட்டோம். அடுத்த மாதம் கட்சி அங்கத்தவர் ஒருவர் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். பொதுச்சபை கூட்டப்பட்ட விதம் கட்சி யாப்புக்கு மாறானது, யாப்பு அனுமதிப்பதைவிடக் கூடுதலானவர்கள் வாக்களித்தார்கள் என்பது வழக்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நடக்கவிருந்த மாநாடு நின்றது. தெரிவான தலைவர் பதவியை ஏற்க முடியவில்லை. வழக்கில் யார் சரி என்பது என் கதையல்ல. என் கேள்வி வேறு. எழுபத்தைந்து வருடக் கட்சி, உள்ளே எத்தனையோ சட்டத்தரணிகள். வாக்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன் "யாப்பின்படி யாருக்கு வாக்கு?" என்ற ஒரு கேள்வியை எல்லாருமாகச் சேர்ந்து தீர்த்திருந்தால், ஒரு முழுக் கட்சியின் தலைமை நீதிமன்றப் படிக்கட்டில் நின்றிருக்குமா?

மற்றது கிரிக்கெட். 2023 நவம்பர் 6 ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமித்தார். அவர் காட்டியது 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தை. அடுத்த நாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 10 ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அரச தலையீடின்றித் தன் காரியத்தைத் தானே நடத்த வேண்டும் என்பது அந்தப் பேரவையில் உறுப்பினராக இருப்பதற்கான விதி. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் இலங்கையிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போனது. 2024 ஜனவரி இறுதியில்தான் தடை நீங்கியது. கிரிக்கெட் நிறுவனத்தின் யாப்பைத் திருத்த வேண்டும் என்று நாடு வருடக்கணக்காகக் கத்தியது. உள்ளே இருந்தவர்கள் திருத்தவில்லை. ஒருநாள் வெளியே இருந்து ஒருவர் வந்து உடைத்தார், அவரையும் இன்னொரு யாப்புத் தடுத்தது. அங்கத்தவர் தங்கள் யாப்பைத் தாங்களே ஒழுங்காக வைத்திருக்காவிட்டால் அமைச்சரும் நீதிபதியும் வந்து வைத்திருப்பார்கள்.

ஊர்ச் சங்கத்துக்கும் இது பொருந்தும். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1998 இல் 8 ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. ஓர் அமைப்பில் மோசடி நடந்ததற்குச் சான்று இருந்தால், அதை நடத்த அமைச்சர் இடைக்கால முகாமைச் சபை ஒன்றை நியமிக்க அந்தத் திருத்தம் இடம் கொடுக்கிறது. "எங்கட பிரச்சினையை நாங்களே பார்ப்பம்" என்று நெஞ்சைத் தட்டுகிற தலைவர்மார் இதை யோசிக்க வேண்டும். நாங்களே பார்ப்பதற்கான ஒரே வழி யாப்பு.

நிர்வாக சபையை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டேன். அங்கத்தவர்களே, பாதிக்குமேல் பிழை நம்முடையது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் "வேலை கிடக்கு". பதவிக்கு ஆள் கேட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது. யாரோ ஒருவர் பொறுப்பெடுத்து, சொந்தக் காசில் பெற்றோல் அடித்து, பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அலைந்து, பத்து வருடம் சங்கத்தைக் காப்பாற்றியிருப்பார். அவரை ஒரே நாளில் "கள்ளன்" என்று எழுத நமக்குப் பேஸ்புக் இருக்கிறது. யாப்பை வாசிக்காத தலைவருக்கும், யாப்பை வாசிக்காமல் தலைவரைத் திட்டுகிறவருக்கும் நான் ஒரே புள்ளிதான் போடுவேன். நேர்மையான நிர்வாகிக்கு யாப்பைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. "விதி 12 இன்படி கணக்கை இன்ன திகதியில் பொதுச்சபைக்கு வைத்தேன், இன்னார் இன்னார் இருந்தார்கள்" என்று சொல்லக் கூடியவரை எந்த வதந்தியும் அசைக்காது.

யாப்பைக் காட்டுவது புதிய வழக்கமும் இல்லை. இலங்கையில் கூட்டுறவுக்கு 1911 இலிருந்து சட்டம் இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பதிவு செய்த கூட்டுறவுச் சங்கம் தன் துணைவிதிகளையும் அங்கத்தவர் பட்டியலையும் பதிந்த விலாசத்தில் இலவசமாகப் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். சர்வோதயம் 1972 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தாலும், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2000 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தாலும் கூட்டிணைக்கப்பட்டவை. அவற்றின் நோக்கங்களை யாரும் சட்டப் புத்தகத்தில் வாசிக்கலாம். இங்கிலாந்தில் பதிந்த ஓர் அறக்கட்டளையின் யாப்புப் பிரதியை அங்கே அறக்கட்டளை ஆணைக்குழுவிடம் யாரும் கேட்டுப் பெறலாம். வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் கணக்கை இணையத்திலேயே பார்க்கலாம். லண்டனில் இருக்கும் நம் உறவினர் அங்கே இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இங்கே காசு அனுப்புகிறார்கள். நாடு முழுவதற்குமான அமைப்புகள் திறந்து வைத்திருப்பதை, நாற்பது கதிரையும் இரண்டு கூடாரமும் வைத்திருக்கும் சங்கம் எதற்கு ஒளிக்க வேண்டும்?

பள்ளிவாசல் விடயத்திலும் இதுதான். நம்பிக்கையாளர் என்ற சொல்லே பொறுப்பைச் சொல்கிறது. வக்ப் சட்டம் அவர்களிடம் கணக்குக் கேட்கிறது. அல்லாஹ்வுக்குக் கணக்குச் சொல்வோம் என்கிறவர்கள் ஜமாஅத்துக்கும் சொல்லலாம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது.

கேட்டும் கொடுக்காவிட்டால் என்ன செய்வது? பதிவுக்காகக் கொடுத்த யாப்பின் பிரதி பதிவு செய்த அலுவலகத்தில் இருக்கும். பிரதேச செயலகம் ஒரு பகிரங்க அதிகாரசபை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்கே எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமாக நிதி பெற்றுப் பொதுச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவலைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்துக்குள் வரும். ஆனால் நம் சொந்தச் சங்கத்தின் விதியை அரச அலுவலகத்தில் போய்க் கேட்பது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது இந்த ஆறையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. யாப்பின் தமிழ்ப் பிரதி ஒவ்வொரு அங்கத்தவர் வீட்டுக்கும் எப்போது வரும்? போட்டோகொப்பிக் காசு நாங்களே தருகிறோம்.

2. அங்கத்தவர் இடாப்பு எங்கே? யாருடைய பெயர், எந்த விதியின் கீழ், எந்தத் திகதியில் நீக்கப்பட்டது? இடம்பெயர்ந்த காலத்துச் சந்தா நிலுவைக்காக நீக்கப்பட்டவர்களை எப்போது திரும்பச் சேர்ப்பீர்கள்?

3. குடும்பத் தலைவர் இல்லாத வீட்டில் வாக்கு யாருக்கு?

4. இன்றைய கூட்டத்துக்கு யாப்புச் சொல்லும் கோரம் எத்தனை? எண்ணிச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

5. காசோலையில் ஒப்பமிடுபவர்கள் யார், அவர்களுக்குள் உறவு என்ன? கணக்காய்வாளரைத் தெரிவு செய்தது யார்?

6. கடைசியாக யாப்புத் திருத்தப்பட்டது எப்போது, எத்தனை பேர் இருந்த கூட்டத்தில்? பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. சத்தம் போடவும் தேவையில்லை. ஒருவர் கேட்டால் "குழப்பக்காரர்" என்பார்கள். மூன்று பேர் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். பதினைந்து பேர் அடுத்தடுத்து எழுந்து கேட்டால் போட்டோகொப்பிக் கடைக்கு ஆள் போகும்.

எந்தச் சங்கமாவது யாப்பைத் தானாக முன்வந்து அங்கத்தவருக்குக் கொடுத்தால் இங்கே எழுதுங்கள். அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டி அடுத்த பதிவு போடுகிறேன். வாசிக்கக் கஷ்டப்படும் பெரியவர்களுக்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டுமென்றால், போயா நாட்களில் பின்னேரம் நான் வருவேன். கோயில் மண்டபமென்றாலும் சரி, பள்ளிவாசல் முற்றமென்றாலும் சரி, குளக்கட்டு மரநிழலென்றாலும் சரி. தேநீர்கூட வேண்டாம். பிரதியை மட்டும் எடுத்து வையுங்கள்.